வீட்டாளை எண்ணுவதில்லை

மாத்தளை டவுனில் ஒருவர் கண்ணை மூடினால், சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தகவல் வரும். என் ஆட்டோவின் கூரையில் இரண்டு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். பிரேதம் எடுக்கும் நேரம், தேர் கிளம்பும் நேரம், வாழைக்கன்று விற்பனை, காணாமல் போன பசு என்று எல்லாவற்றையும் இந்த வாய்தான் ஊருக்குச் சொல்கிறது. பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் கடலை சுற்றி வந்த பேப்பரிலும் சனங்களின் வாயிலும்தான். வாயில் படித்ததுதான் அதிகம். யாராவது ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டால், அன்று முழுக்க அதை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டே ஓட்டுவேன்.

சாவு அறிவிப்பதுதான் இருக்கிறதிலேயே நிம்மதியான வேலை. சொன்ன நேரத்துக்கு எடுத்துவிடுவார்கள். நீ சொன்னபடி நடக்கவில்லையே என்று யாரும் வந்து சட்டையைப் பிடிப்பதில்லை. எலெக்சன் அறிவிப்பு அப்படி இல்லை.

என் மச்சான் பார்லிமென்டுக்கு எலெக்சன் கேட்டு நின்றதைத்தான் சொல்ல வந்தேன். மச்சான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல்லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். நானும் அந்த லயத்தில் பிறந்தவன்தான். கொழுந்துக் கூடைக்குத் தலை கொடுக்க மனசில்லாமல் டவுனுக்கு இறங்கிவிட்டேன். அக்கா இறங்கவில்லை.

மேல்லயத்துக்குப் பின்னால் மலை நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதா, சாய்ந்திருக்கிறது என்று சொல்வதா, தெரியவில்லை. ஒரு மழைக்காலத்தில் அதன் வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியது. அக்கா குடியிருக்கிற காம்பிரா அறையின் பின்சுவரில், கூரையிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் அதில் தலைமுடிதான் நுழைந்தது. பிறகு விரல் நுழைந்தது. இப்போது கையை வைத்தால் மலையின் குளிர் தெரிகிறது. ஆபீசர்மார் வந்து பார்த்தார்கள். ஆபத்தான இடம், இங்கே குடியிருக்க வேண்டாம் என்று மூன்று பாஷையிலும் எழுதி ஒரு போர்டு நட்டார்கள். வேறு எங்கே குடியிருப்பது என்று ஒரு பாஷையிலும் எழுதவில்லை.

கீழே சமதரையாக ஒரு நிலம் கிடக்கிறது. இஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் பழைய தேயிலைத் தொழிற்சாலை இருந்த இடம். கட்டடம் இடிந்து, தகரமெல்லாம் போய், இப்போது காட்டுச்செடி மண்டிக் கிடக்கிறது. மேல்லயத்துக் குடும்பங்களுக்கு அதில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் போதும். கேட்டுப் பார்த்தார்கள். தோட்டத்து ஆபீஸ், அரசாங்கத்தைக் கேளுங்கள் என்றது. அரசாங்க ஆபீஸ், தோட்டத்தைக் கேளுங்கள் என்றது. மச்சான் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். இரண்டு வாசலுக்கும் அவர்தான் நடந்தார். "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்களே, அப்படி ஒரு நடை.

அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய கட்சி அவரைத் தேடி வந்தது. எங்கள் மாவட்டத்துக்குப் பட்டியலில் எட்டுப் பேரைப் போட வேண்டும். தமிழ் ஓட்டுக்காக ஒரு தமிழ் ஆள் தேவைப்பட்டது. மச்சானை ஆறாம் நம்பராகப் போட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு ஓட்டு முறையை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி. பிறகு அந்தக் கட்சிப் பட்டியலில் இருக்கிறவர்களின் நம்பர்களில், மூன்று பேருக்கு வரை புள்ளடி போடலாம். பேப்பர்காரர்கள் அதை விருப்பு வாக்கு என்பார்கள். நாங்கள் சிங்களத்தில் சொல்கிற மாதிரி மனாப்பே என்போம். கட்சிக்குக் கிடைக்கிற எம்பி கதிரையில் யார் உட்காருவது என்று மனாப்பேதான் முடிவு செய்யும். அதனால் உண்மையான சண்டை ஒரே கட்சிக்காரர்களுக்குள்தான். மேடையில் கை கோத்து நிற்பார்கள். இறங்கினதும் ஒருவர் போஸ்டர் மேல் மற்றவர் போஸ்டர் ஒட்டுவார்கள்.

டவுனில் மிளகும் ஏலமும் வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை முன்னால்தான் என் ஆட்டோ நிற்கும். வயதில் எனக்கு மூத்தவர், வாயில் எனக்கு அண்ணன். மச்சான் எலெக்சன் கேட்கப்போகிறார் என்றதும் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மச்சான் கறிவேப்பில. மணத்துக்குத்தான் போடுவாங்க. திங்குற நேரம் எலை ஓரத்துல எடுத்து வச்சிருவாங்க."

இதை நான் அப்படியே மச்சானிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். எனக்கு வாய் நிற்காது. அவர் வீட்டு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "எடுத்து வைக்கட்டும் மச்சான். அதுக்கு முன்னால எலையில போய் விழுந்துருவம்ல? அங்க எந்திரிச்சு நின்னு இஸ்டோர் நெலத்தப் பத்தி ஒருக்கா பேசிட்டா போதும். அப்புறம் எங்க வேணா தூக்கி வைக்கட்டும்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். கார் இல்லை, பங்களா இல்லை. அக்காவும் பிள்ளைகளும் மேல்லயத்துச் சனமும் அந்த மலைக்குக் கீழே இருந்து இறங்க வேண்டும். அதற்கு ஒரு வாய் போய்ச் சேர வேண்டும்.

அன்றிலிருந்து என் ஸ்பீக்கர் சாவை விட்டது. எல்கடுவையில் தொடங்கி, அலுவிகாரைக் கடைத்தெரு, அங்கிருந்து வில்கமுவ வரைக்கும் கத்திக்கொண்டு போனேன். வில்கமுவ தூரம். போனால் இடுப்பு வேறாகக் கால் வேறாகத்தான் திரும்ப வேண்டும். அங்கே வயல் ஓரத்தில் ட்ராக்டரை நிறுத்தி ஒரு சிங்கள விவசாயி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, எங்கள் ஊருக்கு பஸ்ஸும் எம்பியும் ஒரே மாதிரிதான் என்றார். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தாலும் நிற்காமல் போய்விடும் என்றார். நான் சிரித்துக்கொண்டே, எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன். அப்படியானால் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே பஸ்தான் என்று சொல்லிவிட்டு அவர் ட்ராக்டரைக் கிளப்பினார். மச்சானுக்கு ஓட்டுப் போடுவதாக அவர் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு அரிசி ஆலைக்காரரும் அதே பட்டியலில் நின்றார். மதில் மதிலாக அவர் முகம்தான். அந்த ஆலைக்காரர் எங்கள் மலைப்பக்கம் தலையே காட்டவில்லை. அவருக்கு வேண்டிய ஓட்டு கீழே நெல் மாதிரி விளைந்து கிடந்தது.

அதே பட்டியலிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். பட்டியலில் தலையாக நின்ற பெரிய மாத்தயா, ஒரு வக்கீல் மாத்தயா, ஒரு நோனா. சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா, நோனா என்றால் அம்மா. மூன்று பேரும் ஒரே நாளில் ஜீப்பில் வந்தார்கள். மச்சான் அவர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார், வெடிப்பைக் காட்டுவதற்காக.

இங்கே எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களிடம் வீட்டாளை எண்ணுகிற பழக்கம் கிடையாது. சனத்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண்பிள்ளை, வீட்டில் எத்தனை பேர் என்று அக்காவைக் கேட்டது. அக்கா, "நாங்க இருக்கோம்மா, நல்லாத்தான் இருக்கோம்" என்றாள். அந்தப் பிள்ளை எத்தனை தடவை கேட்டும் அதே பதில்தான். சொந்தப் பிள்ளையை எண்ணினால் கண் பட்டுவிடும். கடைசியில் அந்தப் பிள்ளையே ஒவ்வொரு தலையாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனது. பந்தி என்றாலும் அப்படித்தான். பத்து இலை போடு என்றால், அந்தப் பத்தும் வந்தவர்களுக்கு. வீட்டாளுக்கு இலை கணக்கில் வராது. மிஞ்சினதைச் சட்டியோடு வைத்துத் தின்போம். மிஞ்சாவிட்டால் தண்ணீர் குடிப்போம்.

அன்றைக்கும் அக்கா அடுப்படியிலிருந்து, "எத்தன பேரு?" என்று கேட்டாள். மச்சான், "மூணு பேரு" என்றார். மச்சான் இருக்கிறார், நான் இருக்கிறேன், தண்ணி கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பொம்பளை இருக்கிறாள். நாங்கள் கணக்கில் இல்லை, வந்த மூன்று பேர்தான் கணக்கு. அக்காவிடம் பூப்போட்ட கிளாஸ் ஆறு இருந்தது. பழைய சேலைத்துணியில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்திருப்பாள். வீட்டாள் யாரும் அதில் வாய் வைத்ததில்லை. அதில் மூன்றை எடுத்து, கழுவி, துடைத்து, சீனி தூக்கலாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். எங்களுக்கு அப்புறம் தகரக் கோப்பையில் வந்தது.

மரியாதையான ஆட்கள்தான், குறை சொல்ல முடியாது. பெரிய மாத்தயா வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கையை உடனே எடுத்துவிட்டார். வக்கீல் மாத்தயா போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தார். நோனா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில், இந்தச் சுவருக்குக் கீழே எப்படித்தான் தூங்குகிறாய் என்று கேட்டது. அக்கா சிரித்தாள். பிறகு மூன்று பேரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்கள். முக்கால்வாசி வைத்துவிட்டுப் போகிற ஆட்களையே பார்த்துப் பழகின அக்காவுக்கு, அந்தக் காலிக் கிளாஸ்கள் பெரிய விசயமாகிவிட்டன. எத்தனையோ நாளுக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுக்கு முந்தின வாரம் கோவில் முற்றத்தில் சனத்தைக் கூட்டி, பெரிய மாதிரிச் சீட்டை விரித்து, எப்படிப் போடுவது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கட்சிக்கு ஒன்று. பிறகு கீழே ஆறாம் நம்பர். மனாப்பே மூன்றுதான், நாலாவது விழுந்தால் எல்லாம் செத்துப்போகும், கட்சிக்குப் போட்டது மட்டும்தான் நிற்கும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். "மூணு, மூணு" என்று சனம் தலையாட்டியது. சின்னப்பிள்ளைகள் அதையே பாட்டாக்கி ஓடின. கடைசியில் மச்சான் எழுந்து கும்பிட்டார். பெரிய மாத்தயாவின் ஆட்களும் வக்கீல் மாத்தயாவின் ஆட்களும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். "நம்ம வீடு தேடி வந்தவங்களையும் மறந்துறாதீங்க" என்றார் மச்சான். வேறு என்னதான் சொல்வது? முகத்துக்கு முன்னால் நிற்கிறவனை வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் போடு என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு வளையாது.

ஓட்டு நாளன்று அக்கா தேருக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினாள். லயம் முழுக்க இறங்கியது. காய்ச்சல்காரர்களையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். திரும்பும்போது ஆளாளுக்கு விரலில் மையைக் காட்டிச் சிரித்தார்கள். அந்தச் சனம் அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

எண்ணுகிற இடத்தில் கட்சி ஏஜென்டாக எனக்கு ஒரு அனுமதிச் சீட்டுக் கிடைத்தது. மலைப்பக்கத்துப் பெட்டிகள் வந்த அறையில்தான் நின்றேன். கட்சிக்கு மாவட்டத்தில் இரண்டு கதிரை என்று தெரிந்ததும் அடுத்தது மனாப்பே. முதல் கதிரை பெரிய மாத்தயாவுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவதுக்குத்தான் அடிபிடி. அரிசி ஆலைக்காரரும் எங்கள் மச்சானும். டவுன் தமிழ் ஓட்டு வந்திருந்தது, நானாவின் ஆட்களும் கொஞ்சம் போட்டிருந்தார்கள். இன்னும் தோட்டத்து ஓட்டு சேர வேண்டும். சேர்ந்தால் போதும்.

தோட்டத்துச் சீட்டுகளைப் பிரித்தார்கள். ஆறில் புள்ளடி. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு அதே சீட்டில் பெரிய மாத்தயாவின் நம்பரில் ஒன்று, வக்கீல் மாத்தயாவுக்கு ஒன்று, நோனாவுக்கு ஒன்று. ஆபீசர் அதைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார், தனியாக ஒரு பக்கத்தில் வைத்தார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நாலு புள்ளடி, நாலு புள்ளடி. கட்சிக்குக் கணக்கு, மனாப்பே செல்லாது. ஒரே கை எழுதின மாதிரி ஒரே நாலு நம்பர். அந்தத் தனிக் கட்டு உயர்ந்துகொண்டே போனது. நான் வாயால் பிழைக்கிறவன். அங்கே சத்தம் போட எனக்கு உரிமை இல்லை. ஆபீசர் சட்டப்படிதான் செய்தார். எல்லாச் சீட்டிலும் ஆறு இருக்கிறதே ஐயா என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆலைக்காரர் ஜெயித்தார். அந்தத் தனிக் கட்டில் இருந்ததை ஆறுக்குச் சேர்த்திருந்தால் அவர் தோற்றிருப்பார். எங்கள் தோட்டத்துக் கட்டே போதும்.

வெளியே வந்தேன். மச்சான் மதில் ஓரமாகக் குந்தியிருந்தார். அவருக்கு ரிசல்ட் முதலே தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம தோட்டத்துப் பெட்டி பிரிச்சாங்களா?"

பிரித்தார்கள் என்றேன்.

"சனம் எனக்குப் போடலயா மச்சான்?"

போட்டார்கள், எல்லாரும் போட்டார்கள், நாலு போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் எழுந்து, பஸ்ஸுக்கு நடந்தார். ஆட்டோவில் ஏறச் சொன்னேன். அந்த ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

மறுநாள் மேலே போனேன். எனக்குக் காரணம் தெரிய வேண்டும். அவ்வளவு கத்திச் சொல்லியும் ஒரு தோட்டமே எப்படி ஒரே மாதிரித் தவறும்? அக்கா இஸ்தோப்பில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மச்சான் சுவரோரம் துண்டை விரித்து, முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, எத்தன மனாப்பே போட்டீங்க?"

"மூணு. நீதானே சொன்ன."

"யாராருக்கு?"

விரலை மடக்கினாள். "பெரிய மாத்தயாவுக்கு ஒண்ணு. வக்கீல் மாத்தயாவுக்கு ஒண்ணு. நோனாவுக்கு ஒண்ணு."

"மச்சானுக்கு?"

என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அவருக்குப் போடாமலா? அவருக்குத்தானேடா மொதல்ல போட்டேன்."

"அப்ப நாலு ஆச்சேக்கா."

"அவரு வீட்டாளுடா," என்றாள். "வீட்டாள யாரு எண்ணுவா?"

பக்கத்துக் காம்பிராப் பொம்பளைகள் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். கேட்டேன். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். மூன்று, வந்தவர்களுக்குக் கொடுக்கிறதுக்கு. நம்ம ஆளுடையது நம்மளுது, அது எப்படிக் கொடுத்த கணக்கில் சேரும்? யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு போடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. தேத்தண்ணிக்கு எண்ணுகிற மாதிரி எண்ணியிருந்தார்கள்.

சீட்டில் என்ன நடந்தது என்று நான் விளக்கினேன். எனக்கு அதைச் சொல்ல இஷ்டமில்லை. ஆனால் சனம் அவருக்குப் போடவில்லை என்ற பேச்சு கீழ்லயம் வரைக்கும் போயிருந்தது, ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சொல்லி முடித்தேன். அக்கா கீரைக் காம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப மூணுல ஒண்ணு நம்மளுதா?" என்று கேட்டாள். "அப்படின்னா வந்த மூணு பேர்ல யாருக்கு இல்லைன்னு சொல்றது? மூணு பேரும் குடிச்சு முடிச்சுட்டுத்தானே போனாங்க."

இல்லாத பதிலுக்கும் வாய் திறக்கிறவன் நான், திறக்கப் போனேன்.

அப்போதுதான் படுத்திருந்த மச்சான், திரும்பாமலே, சுவரிடம் சொல்வது போலச் சொன்னார்: "நான் எனக்குப் போடல."

எனக்குச் சரியாகக் கேட்டது. இருந்தும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு நானே போட்டுக்கிறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. வந்தவங்க மூணு பேருக்கும் போட்டேன். வந்துட்டேன்."

அதாவது, மேல்லயத்தில் சட்டப்படி சரியாகப் போடப்பட்ட ஒரே சீட்டு அவருடையதுதான். அது செல்லும். அதில் ஆறு இல்லை. ஒரு பொம்பளை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

டவுனுக்கு இறங்கி நானாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மிளகைக் கையில் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லி ஈக்கிது தம்பி" என்றார். பிறகு, "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னும் சொல்லி ஈக்கிது." எனக்கு அன்றைக்கு நல்ல சொல் பிடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த இரண்டையும் துப்பிவிட வேண்டும் போல இருந்தது. மிஞ்சினதைச் சட்டியோடு தின்கிற வீட்டில், தனக்கு என்று முதலில் எடுத்து வைக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பிளேன்டீ வாங்கி என் கையில் கொடுத்தார்.

வெடிப்பு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அடுத்த மழைக்கு அது அடுப்பைத் தாண்டி நிலத்தில் இறங்கியது. மழை இருட்டினால் மேல்லயம் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கும். வெயில் வந்தால் ஏறும். இறங்கி ஏறி, இறங்கி ஏறி, பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மச்சான் பழையபடி இரண்டு வாசலுக்கும் நடக்கத் தொடங்கினார். இப்போது ஒரு வித்தியாசம். நீங்கள்தான் கட்சிக்காரராயிற்றே, உங்கள் எம்பியைக் கேளுங்கள் என்று இரண்டு வாசலிலும் சொன்னார்கள்.

பிறகு பிரதேச சபைத் தேர்தல் வந்தது. அந்தத் தேர்தலுக்குத்தான் ஆலைக்காரர், இப்போது எம்பி மாத்தயா, முதல் தடவையாக எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கூட்டத்துக்கு ஸ்பீக்கர் கட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வயிறு இருக்கிறதே, போனேன். மச்சான் அவரை மேலே கூட்டிக்கொண்டு வந்தார். மழைக்கு முன்னால் வருகிற ஒரு புழுக்கம். எம்பி மாத்தயா படி ஏறின களைப்பில் நேராக இஸ்தோப்புக் கதிரையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். உள்ளே போகவில்லை. வெடிப்பு உள்ளே இருந்தது.

"எத்தன பேரு?" என்று அக்கா கேட்டாள்.

"ஒருத்தரு," என்றார் மச்சான்.

பூப்போட்ட கிளாஸ் வந்தது. எம்பி மாத்தயா ஊதி ஊதிக் குடித்தார். நல்ல சாயம் என்று புகழ்ந்தார். பிறகு, உண்மையாகவே அறிய வேண்டும் என்ற குரலில், சிங்களத்தில் அக்காவைக் கேட்டார்: வீடெல்லாம் எப்படி, நல்லா இருக்கிறதா?

நான் அக்காவைப் பார்த்தேன். மச்சானைப் பார்த்தேன். இந்த ஒரு கேள்விக்காகத்தானே அந்த மனுசன் ஆறாம் நம்பராக நின்றார், மாவட்டம் முழுக்கக் கும்பிட்டார், வில்கமுவவுக்கும் எல்கடுவைக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் தொண்டையைக் கொடுத்தோம். கேள்வி வீட்டு வாசலுக்கே ஏறி வந்து, கதிரையில் உட்கார்ந்து, பதிலுக்குக் காத்திருக்கிறது.

விருந்தாளி கையில் கிளாஸ் இருந்தது. பாதிதான் குடித்திருந்தார். குடிக்கிற மனுசனிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி, தேத்தண்ணியைக் கசக்க வைக்கிற பழக்கமும் எங்களிடம் கிடையாது.

"ஹொந்தாய் மாத்தயா," என்றாள் அக்கா. நல்லா இருக்கு.

குடித்து முடிக்கட்டும், பிறகு பேசலாம் என்று மச்சான் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கத் தயாராக, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். கடைசி மடக்கோடு எம்பி மாத்தயாவுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே எழுந்தார், பேசிக்கொண்டே அக்காவுக்குக் கும்பிடு போட்டார், பேசிக்கொண்டே படி இறங்கினார். மச்சான் பின்னாலேயே ஜீப் வரைக்கும் இறங்கினார். மேலேயிருந்து பார்த்தேன். ஜீப் கதவு சாத்துகிற வரைக்கும் போன் காதிலேயே இருந்தது.

அதற்குள் மலை உச்சி இருட்டிவிட்டது. கீழ்லயத்தில் யாரோ தகரத்தில் தட்டினார்கள். இறங்குங்கள் என்று அர்த்தம். நான் பாயைச் சுருட்டினேன், பிள்ளைகளின் புத்தகப் பையை எடுத்தேன். அக்கா அதற்கெல்லாம் கை வைக்கவில்லை. எம்பி மாத்தயா குடித்த கிளாஸை, மலையிலிருந்து குழாயில் வருகிற பீலித் தண்ணியில் கழுவித் துடைத்தாள். தகரப் பெட்டியைத் திறந்து மற்ற ஐந்தையும் எடுத்தாள். ஆறையும் சேலைத்துணியில் ஒன்றோடொன்று படாமல் சுற்றி, முந்தானைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதல் தூறலில் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் இறங்கத் தொடங்கினாள்.